துருப்பிடித்த பழைய 207 பிக்கப்புக்குப் பாடி தகடு தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2003 மாடல் டாடா 207 டிஐ. தூத்துக்குடியில் மீன் ஏற்றியே வயதான வண்டி. இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் கிளட்சை மிதித்தபோது செருப்பு நனைந்தது. ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது. அதற்குப் பிறகு ஆறு மாதம் தகடு தேடி அலைந்தேன். அந்தக் கதையை டீக்கடையிலும் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) வரிசையிலும் சொல்லிச் சொல்லி, இப்போது யார் வண்டியில் ஓட்டை விழுந்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது. ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 207ஐ வைத்துத்தான் சொல்கிறேன். பொலிரோ பிக்கப், டாடா ஏஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கதவின் அடிப்பாகம் துருவில் போய்விட்டது. முதலில் ஸ்பேர்ஸ் கடைக்குப் போகட்டுமா, தகடு வேலை செய்யும் டிங்கரிடம் போகட்டுமா?

இரண்டுக்கும் முன்னால் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். வெளியே பெயின்ட் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்பளித்திருந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். கேபின் ஃப்ளோரின் நான்கு மூலை, ஏறும் படி, கதவுக் கீல் பிடிக்கும் பில்லரின் அடி, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் கவுல் பகுதி, கேபின் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உட்காரும் மவுண்டிங், இந்த இடங்களைக் குத்திப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் எங்கே உள்ளே இறங்குகிறதோ அங்கே வட்டம் போடுங்கள்.

எதற்கு இந்தப் பாடு என்றால், பிக்கப்பின் தகடுகள் இரண்டு சாதி. பானெட், முன் மட்கார்டு, கதவு, பம்பர், கிரில், லோடு பாடி எல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம், கடையில் கிடைத்தால் மாட்டிவிடலாம். ஃப்ளோர், படி, பில்லர், கவுல், கூரை எல்லாம் வெல்டில் நிற்பவை. இவை கடையில் தனித்தனியாகக் கிடைப்பது அபூர்வம். ஒன்று செய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு கேபினிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். உங்கள் வட்டங்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று தெரியாமல் ஒரு கதவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், அதை மாட்டுவதற்குக் கீல் பிடிக்கும் இடமே இருக்காது. எனக்கு அப்படித்தான் ஆனது. புதுக் கதவு நாற்பது நாள் வீட்டு வராண்டாவில் நின்றது.

ஷோரூமில் ஒரிஜினல் தகடு இன்னும் வருகிறதா?

சிலது வரும், சிலது வராது. "207 கதவு இருக்கா?" என்று கேட்டால் மட்டும் கண்டிப்பாக வராது. டாடா மொபைல் என்ற பெயரில் இந்தக் குடும்பம் 1988இல் வந்தது. அதற்குப் பிறகு இன்ஜின் மாறியது, விளக்கு மாறியது, கிரில் மாறியது, உள் அமைப்பு மாறியது. 207 என்ற எண் மட்டும் பல வருடம் ஒட்டிக்கொண்டே வந்தது. அதனால் ஆர்சி புத்தகத்தின் நகலோடு போய், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் அதை கம்ப்யூட்டரில் போட்டு பார்ட் நம்பரை எடுப்பார்.

அந்த பார்ட் நம்பர்தான் இதில் தங்கம். தகடு இல்லை என்று சொன்னாலும் நம்பரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். பெரிய ஊர் டீலரிடம் இல்லாதது சின்ன ஊர் டீலரின் பரணில் தூசி படிந்து கிடக்கும். நான் கையில் நம்பரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன் போட்டேன். இடதுபக்க முன் மட்கார்டு அப்படித்தான் புதிதாகக் கிடைத்தது.

ஒரிஜினல் தகடு கறுப்பு நிறப் பூச்சோடு வரும். பலர் அதைப் பெயின்ட் என்று நினைத்து அப்படியே மாட்டி ஓட்டுகிறார்கள். அது மின்முறையில் ஏற்றிய பிரைமர் மட்டும்தான். வெயிலைத் தாங்காது. சில மாதத்தில் வெளுத்து, பொடியாக உதிர ஆரம்பிக்கும். வாங்கினால் சீக்கிரம் மேல் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

சியரா, சுமோ தகடு 207க்குப் பொருந்தும் என்கிறார்களே?

1991இல் வந்த சியரா, 1992இல் வந்த எஸ்டேட், 1994இல் வந்த சுமோ ஆகிய டாடா வண்டிகள் எல்லாமே இந்த பிக்கப்பின் வழியில் பிறந்தவைதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்காக ஒருவர் சட்டை இன்னொருவருக்கு அளவாக இருக்குமா? கைப்பிடி, பூட்டு போன்ற சின்னச் சாமான்களைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம். தகடு விஷயத்தில் வண்டியில் வைத்துப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டூப்ளிகேட் தகடு வாங்கினால் தப்பா?

தப்பில்லை. பழைய வண்டிக்குப் பல நேரம் அதுதான் வழி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் மற்ற ஊர்களின் ஸ்பேர்ஸ் கடைத்தெருக்களிலும் கம்பெனி அல்லாத தயாரிப்புகள் விற்கிறார்கள். எல்லாம் ஒரே தரம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

மட்கார்டு வாங்கும்போது நான் பார்ப்பது முதலில் எடை. பழைய மட்கார்டைக் கழற்றி, துரு போன இடத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், புதுசு அதைவிட லேசாக இருந்தால் மெல்லிய தகட்டில் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் போல்ட் துளைகள். பழையதையும் புதியதையும் முதுகோடு முதுகு வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் நேராகத் தெரிய வேண்டும். கதவாக இருந்தால் வெளித்தகடு உள்தகட்டைச் சுற்றி மடிந்திருக்கும் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மடிப்பு ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் வாய் திறந்தும் இருந்தால், தண்ணீர் நுழைய அந்த வாய் போதும். பானெட் என்றால் கவிழ்த்துப் போட்டு உள் சட்டம் எத்தனை இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நான் வாங்கிய முதல் வலது மட்கார்டில் மேல் துளைகள் அரை அங்குலம் தள்ளி இருந்தன. கடைப் பெயர் வேண்டாம். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அண்ணே, பெயின்ட் அடிச்சிட்டீங்களே" என்றார்கள். நியாயம்தான், நான்தான் அவசரப்பட்டேன். எந்தக் கடையும் பெயின்ட் ஏறிய தகட்டைத் திரும்ப எடுக்காது. முதலில் வெறும் தகடாக மாட்டி, பானெட்டை மூடி, கதவைத் திறந்து மூடி, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் அதற்குப் பிறகுதான்.

புதுப்பேட்டைக்குப் போனால் எல்லாம் கிடைக்குமா?

எழும்பூருக்குப் பக்கத்தில் கூவம் ஓரமாக இருக்கும் புதுப்பேட்டையில் ஒரு வண்டியை நட்டு நட்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கதவுக்கு ஒரு கடை, விளக்குக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை என்று சுற்ற வேண்டியிருக்கும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு உக்கடம். பக்கத்து ஊர்க் காயலான் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். லாரி, பிக்கப் எல்லாம் முழு வண்டியாக எடைக்கு வருவது அங்கேதான்.

போகும்போது பழைய தகட்டைக் கையோடு கொண்டு போவது உத்தமம். கதவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் உள்பக்கம், வெளிப்பக்கம், கீல் பக்கம், பூட்டுப் பக்கம் என்று நான்கு படம் எடுங்கள். இரண்டு கீல்களுக்கும் நடுவே உள்ள தூரம், கதவின் கீழ் அகலம், கண்ணாடிச் சட்டத்தின் உயரம், இவற்றை டேப் வைத்து மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "இது 207தான் தம்பி, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்பார். கண்ணைத் திறந்து டேப்பைப் போடுங்கள்.

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பெயின்ட் உரியாமல் இருக்க அதை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவு முழுக்க நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, இருக்கிறது. விரல் முட்டியால் தட்டினாலும் தெரியும். நல்ல தகடு டங்கென்று பேசும், பட்டி பார்த்தது சொத்தென்று இருக்கும். அப்புறம் கதவைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே இருந்து என்ன கொட்டுகிறது என்று பாருங்கள். செதில் செதிலாகப் பழுப்புத் துரு கொட்டினால் வைத்துவிடுங்கள். செம்மண் கொட்டினால் சந்தோஷப்படுங்கள்! அது பெரும்பாலும் கடல் பக்கம் வராத உள்நாட்டு வண்டி. கடலோரத்தில் ஓடிய வண்டியின் கதவை வாங்குவது நம் வியாதியையே இன்னொரு உடம்பிலிருந்து வாங்குகிற மாதிரி. இப்போது என் வண்டியில் இருக்கும் வலது கதவு தருமபுரிப் பக்கம் ஓடியது. அதற்குள் இருந்து ஒரு கைப்பிடி செம்மண்ணும் இரண்டு புளியங்கொட்டையும் வந்தன.

கதவை வெறும் கூடாக வாங்காமல் கண்ணாடி, ஏற்றி இறக்கும் மெஷின், பூட்டு எல்லாவற்றோடும் சேர்த்துப் பேசுங்கள். தனித்தனியாக வாங்கினால் கதவு விலையைத் தாண்டிவிடும். லாரி பார்சலில் அனுப்பும்போது கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஓரங்களில் சாக்கு சுற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். கையால் எழுதிய சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை, கடை முத்திரையும் தேதியும் இருக்கட்டும். திருட்டு வண்டியின் பாகம் என்று பிற்பாடு பேச்சு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

ஃப்ளோர், பில்லர், கூரை எல்லாம் போய்விட்டது. முழு கேபினையே மாற்றிவிடலாமா?

மாற்றலாம். இந்த வண்டிகளில் கேபின் தனி, சேஸிஸ் தனி. மவுண்டிங் போல்ட்டைக் கழற்றினால் கேபின் மேலே வந்துவிடும். வெல்டில் நிற்கும் தகடுகளில் பாதிக்கு மேல் வட்டம் போட்டிருந்தீர்கள் என்றால், துண்டு துண்டாக ஒட்டுப் போடுவதைவிட நல்ல கேபின் ஒன்றைத் தேடுவது மலிவாகவே முடியும்.

ஆனால் விபத்தில் முறுக்கிய கேபினைத் தலையில் கட்டிவிடுவார்கள். முன் கண்ணாடி உட்காரும் இடத்தில் கயிற்றைக் குறுக்காகப் பிடியுங்கள். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலதுக்கு ஒரு அளவு, மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கதவு வாசல்களையும் அதேபோல அளந்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் வாங்கியவர் ஒருவர், மூன்று முறை முன் கண்ணாடி மாற்றி மூன்றும் தானாகவே விரிசல் விட்டது.

சட்ட விஷயம்: சேஸிஸ் எண் சேஸிஸ் சட்டத்தில் அடித்திருக்கும். அந்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது. துருவாக இருந்தால் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து கிரீஸ் பூசி வையுங்கள். பழைய கேபினில் ரிவெட் அடித்த தகவல் தட்டு இருந்தால் அது உங்கள் வண்டியினுடையது, பத்திரப்படுத்துங்கள். வாங்கிய கேபினோடு வேறு வண்டியின் தட்டு வந்தால் அதோடு ஓட்டாதீர்கள், வீண் வம்பு. கேபின் வேறு நிறம் என்றால் ஆர்சியில் உள்ள நிறத்துக்கே அடித்துவிடுவது நல்லது. நிறம் மாற்ற ஆசை என்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தகடே கிடைக்கவில்லை. டிங்கர் கையால் செய்து தர முடியுமா?

நல்ல டிங்கர் கிடைத்தால் முடியும். என் ஃப்ளோர் முழுக்கக் கையால் செய்ததுதான்.

முதலில் தகடு. கேபினின் வெளித் தோலுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர். கால் வைக்கும் ஃப்ளோருக்கு 18 கேஜ், சுமார் 1.2 மில்லிமீட்டர். மவுண்டிங் உட்காரும் இடத்துக்கு இதெல்லாம் போதாது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். சி.ஆர். தகடு (சூடாக்காமல் உருட்டிய, பூச்சு இல்லாத இரும்புத் தகடு) என்று கேட்டு வாங்குங்கள், வளைந்து கொடுக்கும். துருப்பிடிக்காது என்று சொல்லி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் போடச் சொல்பவர்கள் உண்டு. போடலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு புகையாக வரும். அதை மூடிய பட்டறையில் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். வெல்டு வைக்கும் ஓரங்களில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அப்படித் தேய்த்த ஓரத்தில் பாதுகாப்பும் போய்விடுகிறது, துரு முதலில் வருவது அங்கேதான். அதனால் நான் சி.ஆர். பக்கம்.

அடுத்தது அளவு. எங்கள் டிங்கர் அண்ணன் பழைய ஃப்ளோரை வெட்டி எடுத்தவுடன் அதைத் தரையில் வைத்து, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை அதன் மேல் அழுத்தி அச்சு எடுத்தார். துரு தின்ற இடங்களைப் பென்சிலால் ஊகித்து நிரப்பினார். பிறகு அட்டையை கேபினுக்குள் வைத்து நான்கைந்து முறை வெட்டித் திருத்தினார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் தகட்டில் கத்தரி பட்டது. அட்டைக்குக் காசில்லை, தகட்டுக்கு உண்டு.

ஃப்ளோரில் நீள நீளமாக வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை அழகுக்கு இல்லை, தகட்டுக்கு முதுகெலும்பு. அவற்றை விட்டுவிட்டுத் தட்டையாகப் போட்டால் கால் வைக்கும்போதெல்லாம் டப் டப் என்று எண்ணெய் டின் மாதிரி சத்தம் வரும். ஃபோல்டிங் மெஷின் இருக்கும் லேத்துப் பட்டறையில் கொடுத்தால் வரிகளைப் போட்டுத் தருவார்கள். மெஷின் இல்லாத இடத்தில் மணல் மூட்டையும் மரச் சுத்தியலும்தான்.

வெட்டும்போது துருவோடு நிறுத்தாமல், பளபளக்கும் நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். நைந்த துணியில் ஒட்டுப் போட்டால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழியும், அதே கதைதான். மெல்லிய தகட்டுக்கு, கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் சிஓடூ வெல்டிங் நல்லது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு அப்பளம் மாதிரி நெளியும், கை தேர்ந்தவர் மட்டும் அதை அடக்குவார். எதுவாக இருந்தாலும் ஒரே இழுப்பில் கோடு போடாமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினால் அந்த இடுக்கில் தண்ணீர் தங்கும், அதை சீலன்ட் வைத்து இரண்டு பக்கமும் அடைக்காமல் விடாதீர்கள்.

ஓட்டை மேல் ஃபைபர் பாய் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வண்டியை விற்கப்போகிறவர்களுக்கு அது ருசியாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் பட்டி கேக் மாதிரி பிட்டுக்கொண்டு வரும்.

வெல்டிங் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. பேட்டரி கழற்றியாகிவிட்டதா, சீட், மேட், ரெக்ஸின், ஃப்ளோருக்கு அடியில் போகும் ஒயர், டீசல் குழாய், பிரேக் குழாய் எல்லாம் ஒதுக்கியாகிவிட்டதா என்று பாருங்கள். ஈரச் சாக்கும் மணல் வாளியும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். சைக்கிள் கேப்பில் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் கழித்துக்கூட மேட்டுக்கு அடியில் புகை வரும்.

ஃபைபர் மட்கார்டு, ஃபைபர் பானெட் போடலாமா?

போடலாம். துருப்பிடிக்காது, எடை குறைவு. அதிர்வில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும் என்பதால் அகலமான வாஷர் வையுங்கள். வெல்டில் நிற்கும் எந்த இடத்துக்கும் ஃபைபர் வேண்டாம், கேபினைத் தாங்கும் பலம் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

லோடு பாடி முழுக்க அரித்துவிட்டது. அதற்கும் தேட வேண்டுமா?

தேடாதீர்கள், செய்துகொள்ளுங்கள். பிக்கப் தொட்டியை வெல்டிங் தெரிந்த எந்த நல்ல பட்டறையும் செய்து தரும். நாமக்கல், கரூர் பக்கம் பாடி கட்டுவதே ஊர்த் தொழில். ஆர்சியில் உள்ள நீள அகலத்தைத் தாண்டாமல் கட்டச் சொல்லுங்கள். நாலு பெட்டி கூட ஏற்றலாம் என்று பின்னால் நீட்டி, எஃப்சியில் திரும்பி வந்து வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மீன் வண்டி, உப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. உப்பு தானாகத் துருவை உண்டாக்குவதைவிட, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தகட்டின் மேல் காயவிடாமல் வைத்திருப்பதுதான் பெரிய கொடுமை. ஐஸ் உருகிய தண்ணீர் தொட்டியின் ஓரத்தில் வழிந்து நேராக சேஸிஸ் மேல் விழும். புதுத் தொட்டி செய்யும்போதே ஃப்ளோரைப் பின்பக்கம் லேசாகச் சரித்து, தண்ணீர் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரு குழாய் வழியாக சேஸிஸுக்கு வெளியே விழும்படி செய்யச் சொல்லுங்கள். எனக்கு இந்த யோசனை இரண்டாவது தொட்டியில்தான் வந்தது. அப்புறம், இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை நேராக ஆணி அடித்துப் போடாதீர்கள். இரண்டு வெவ்வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நடுவே ரப்பர் பட்டையாவது வையுங்கள்.

எஃப்சிக்குத் துரு ஒரு பிரச்சினையா?

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம் எஃப்சி. நம் வயது வண்டிகளுக்கு வருடம் ஒரு பரீட்சை. கிழிந்து கூராக நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, பூட்டாத கதவு, ஓட்டை ஃப்ளோர் இதையெல்லாம் பார்த்தால் சரி செய்துவிட்டு வரச் சொல்வார்கள். எஃப்சி தேதிக்கு முந்தின வாரம் தகடு தேடத் தொடங்கினால் கிடைத்த விலைக்குக் கிடைத்ததை வாங்கத்தான் முடியும். மூன்று மாதம் முன்னால் ஆரம்பியுங்கள்.

புதுத் தகடும் துருப்பிடிக்காமல் என்ன செய்வது? ரெட் ஆக்சைடு போதுமா?

ரெட் ஆக்சைடு என்ற செந்நிற பிரைமர் தனியாக நின்றால் ஈரத்தை உள்ளே விடும். அதன் மேல் பெயின்ட் ஏறினால்தான் அதற்கு மரியாதை. நான் எபாக்சி பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலன்ட் வைத்து, அடியில் அண்டர்கோட்டிங் அடித்தேன். பெயின்ட் போகாத பெட்டிப் பகுதிகளான பில்லர் உள்ளே, படியின் உள்ளே, கதவு உள்ளே எல்லாம் மெழுகு கலந்த ஸ்ப்ரே. கழிவு இன்ஜின் ஆயிலைத் தெளிப்பது எங்கள் ஊரில் பழைய வழக்கம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், பிரேக் பக்கம் சிந்தினால் ஆபத்து, ஊரெல்லாம் நாறும்.

முழுக்கச் சுரண்ட முடியாத இடங்களில் துரு மாற்றும் திரவம் தடவலாம். பழுப்புத் துரு கறுப்பாக மாறும். ஓட்டையை அது அடைக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து காசில்லாதது. கதவின் அடியில் தண்ணீர் போகும் சின்னத் துளைகள் இருக்கும். மீன் செதிலும் மண்ணும் வைக்கோலும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை மறப்பதுதான் நம் வழக்கம். கேபின் மேட்டை வாரம் ஒருமுறை தூக்கிக் காயப் போடுங்கள். என் செருப்பு நனைவதற்கு ஒரு வருடம் முன்னால் இதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வி பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

கழற்றிய பழைய தகட்டைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

புதுசு மாட்டி, கதவு சரியாக மூடி, மழையில் ஒருமுறை நனைந்து உள்ளே ஒழுகாமல் இருக்கிறது என்று தெரிகிறவரை கூடாது. துரு தின்றது போக மிச்சமிருப்பதுதான் உங்கள் வண்டியின் அளவுகோல். கீல் துளை எங்கே, பூட்டு எந்த உயரம், ரப்பர் எந்தப் பள்ளத்தில் போனது, ஒயர் எந்த வழியில் இறங்கியது, எல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான்.

என் பழைய இடது கதவு இன்னும் டிங்கர் அண்ணன் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. போன மாதம்கூட ராமேஸ்வரத்திலிருந்து ஒரு பையன் வந்து அதில் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். அவனுக்கு வேண்டியது வலது கதவின் அளவு. அதை நான் முதல் மாதமே எடைக்குப் போட்டுவிட்டேன்.